திங்கக்கிழமை இருமல்

பயந்துக்காதீங்க தம்பி, சீக்கு கீக்கு ஒண்ணும் இல்லீங்க எனக்கு. தூசிக்குத்தான் இந்த மாஸ்க்கை மாட்டறேன். வழி நெடுக ரோட்டைத் தோண்டிப் போட்டு வச்சிருக்கறானுங்க, இந்த பஸ்சு பொள்ளாச்சி போய்ச் சேர்றதுக்குள்ள ஆளுக்கு ஒரு படி மண்ணு உள்ள போயிரும். அந்த ஜன்னலைச் சாத்துங்க பார்க்கலாம். இறங்க மாட்டேங்குதுங்களா? சரி உடுங்க. எனக்கொண்ணும் இல்லை, உங்களுக்குத்தான் சொன்னேன்.

கர்ச்சீப்பு கட்டியிருக்கறீங்க. கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். அது ஒண்ணுத்துக்கும் ஆகாதுங்க. கொசுவலையைக் கட்டிக்கிட்டு மாவு மில்லுக்குள்ள போற மாதிரி. கண்ணுக்குத் தெரியற தூசியைத்தான் துணி தடுக்கும். அந்தத் தூசி ஒண்ணும் பண்ணாது, மூக்குலயே நின்னுரும், சிந்திப் போட்டா முடிஞ்சுது. கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு இருக்குது பாருங்க, மாவை விட நைசா, அதுதான் எமன். துணிக்குள்ள பூந்து தொண்டைக்குள்ள பூந்து நேரா நெஞ்சுல போய் உக்காந்துக்கும். உக்காந்துச்சுன்னா எந்திரிக்காது. எந்த டாக்டராலயும் அதை வெளிய எடுக்க முடியாது. எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறீங்களா? நான் பஞ்சாலையில இருந்தவனுங்க. ஸ்பின்னிங் மாஸ்டர். சிங்காநல்லூர்ப் பக்கம் நாச்சிமுத்து மாஸ்டர்னு கேட்டுப் பாருங்க, தெரியாத ஆள் கிடையாது.

இருங்க, லாரி ஒண்ணு போகுது. மாட்டிக்கறேன்.

ம், போயிருச்சு. இப்பப் பேசலாம். பொள்ளாச்சிக்கு எதுக்குப் போறேன்னா, சம்சாரத்தைக் கூட்டியாரப் போறனுங்க. மக வீட்டுல இருக்கறா. பொங்கல் கழிஞ்சு போனவ, பங்குனியும் வந்தாச்சு, அனுப்ப மாட்டேங்கறா என்ற மக. பெத்த பொண்ணு. கல்யாணம் பண்ணிக் குடுத்த இடத்துல அவ புருசனை விட்டுட்டு ஒரு வாரம் இருப்பாளா? இருக்க மாட்டா. ஆனா என்ற சம்சாரம் மட்டும் என்னை விட்டுட்டு அங்க இருக்கணுமாம். கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? நாச்சிமுத்து மாஸ்டர் பொண்டாட்டியை அடிச்சுத் துரத்திட்டான்னுதான நினைப்பாங்க? நான் கை நீட்டுனதே கிடையாதுங்க. துளசிமணியைக் கேட்டுப் பாருங்க, அவளே சொல்வா.

எல்லாம் என்ற பட்டறையால வந்த வினை. ரிட்டையர் ஆனப்பறம் சும்மா உக்காந்திருக்க என்னால முடியலீங்க. கார் ஷெட்டை ஒழிச்சுப் பட்டறை போட்டேன். ரம்பம், இழைப்பு மெஷின், உப்புத்தாள் மெஷின் எல்லாம் இருக்குது. இடிச்ச வீட்டு நிலைக்கதவா வாங்கியாந்து சாமி மாடம் பண்ணுவேன், அஞ்சறைப் பெட்டி பண்ணுவேன். விக்கறதுக்கில்லீங்க, ஆசைக்கு. தேக்கு, ஈட்டி, எதுன்னாலும் பண்ணுவேன். ஆனா ஒண்ணு, பாதுகாப்பு இல்லாம ஒரு ஆணியைக்கூடத் தொட மாட்டேன். மில்லுல இருந்தவன் நான், தூசி என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா?

இந்த மாஸ்க்கைப் பாருங்க. ரெண்டு பக்கமும் வட்டமா இருக்குதே, அதுதான் வடிகட்டறது. இது மூஞ்சியோட மூஞ்சியா ஒட்டணும். ஒரு மயிரிழை சந்து இருந்தாலும் தூசி பூந்துரும். எனக்கு மீசை இருந்துச்சுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே வச்சிருந்த மீசை, ரெண்டு பக்கமும் முறுக்கி உட்டா ஐயனாரு மாதிரி இருக்கும். மாஸ்க் ஒட்டலைன்னு தெரிஞ்சுது. ஒரே நாள், எடுத்துப் போட்டுட்டேன். ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் துக்கத்துக்குக் கேக்கற மாதிரி கேட்டாங்க, வீட்டுல யாருங்க தவறிட்டாங்கன்னு. துளசி அழுதே போட்டா. மீசையா பெருசு, நுரையீரல்தான பெருசு?

அப்பறம் செவுத்துல பெரிய ஃபேன் ஒண்ணு வச்சேன். உள்ளிருக்கற தூசிக் காத்தை உறிஞ்சி வீட்டுக்குப் பின்னால பொடக்காலிப் பக்கம் தள்ளிரும். பட்டறைக்குள்ள நின்னா வால்பாறையில நிக்கற மாதிரி இருக்கும் காத்து. பொடக்காலியில பாத்திரம் வெளக்கற கல்லு இருக்குதுங்க, துணி காயப் போடற கயிறும் அங்கதான். முதல்ல துளசி ஒரு பேச்சு சொன்னா, கழுவி வச்ச பாத்திரமெல்லாம் மாவு புடிச்ச மாதிரி இருக்குதுங்கன்னு. இன்னொருக்காக் கழுவுன்னேன். வேற எங்க தள்றது? ரோட்டுப் பக்கம் தள்ளுனா போறவன் வாரவன் எல்லாம் சண்டைக்கு வருவான். அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக்கூடாதுங்கறது என்ற கொள்கைங்க.

ஈட்டி மரத்தை உப்புத்தாள் போட்டா ஒரு வாசம் வரும் பாருங்க, ரோஜாப்பூ தோத்துப் போகும். எனக்கு அந்த வாசமே தெரியாது. மாஸ்க் போட்டிருக்கறேன்ல? வாசம் வந்தா தூசியும் வருதுன்னு அர்த்தம். துளசிதான் சொல்வா, "இன்னிக்கு ஈட்டிங்களா? அடுப்பு வரைக்கும் வாசம் வருது"ன்னு. எனக்குச் சிரிப்பா வரும். மூக்குன்னா அவளுக்குத்தான் மூக்கு.

வேலை முடிஞ்சா போட்ட சட்டையோட வீட்டுக்குள்ள போக மாட்டேன். சட்டை பூராத் தூசி இருக்குமே. அங்கயே கழட்டிப் போட்டுட்டு நேரா வெந்நியில குளியல். துளசி வந்து எடுத்துட்டுப் போய்ப் பொடக்காலியில நல்லா உதறித் துவைச்சுப் போட்டுருவா. வீட்டுக்குள்ள ஒரு துளி தூசி கொண்டு போனதில்லீங்க நான். எத்தனை பேரு இப்படி இருப்பாங்க?

இன்னொண்ணு கேட்டுக்குங்க, யாருக்கும் இது தெரியாது. மெஷினை நிறுத்துனதும் தூசி நின்னுருச்சுன்னு நினைச்சா ஏமாந்தீங்க. காத்துல மிதந்துக்கிட்டே இருக்கும், பொறவு மெதுவாத் தரையில படியும். படிஞ்சதைச் சீமாறு போட்டுக் கூட்டுனா, மரம் அறுக்கறப்ப வர்றதை விட அதிகமா எந்திரிக்கும். அதனால பட்டறையில சீமாறைக் கையில தொடவே மாட்டேன் நான்.

துளசிதான் கூட்டுவா.

பொம்பளைகளுக்கு ஒரு பழக்கம் இருக்குது பாருங்க, கூட்டறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கறது. வாசலோ, பொடக்காலியோ, ஒரு கை தெளிச்சுட்டுத்தான் சீமாறே எடுப்பாங்க. முதல் நாளே சொம்போட வந்து நின்னா. எனக்கு உசிரே போயிருச்சு. உள்ள பூரா இரும்புங்க. ரம்பம் உக்காந்திருக்கற மேஜை இருக்குது பாருங்க, வார்ப்பு இரும்பு, மூஞ்சி பார்க்கற மாதிரி தேய்ச்சு வச்சிருக்கறேன். ஒரு சொட்டு பட்டா அடுத்த நாளே துரு. தண்ணியைக் கொண்டாந்தியின்னா காலை ஒடிச்சுருவேன்னேன். பேச்சுக்குச் சொன்னதுதான், அவளுக்கே தெரியும். அன்னியிலிருந்து தெளிக்காமத்தான் கூட்டுவா. சொன்னா சொன்னபடி கேக்கறவ. அந்த விசயத்துல தங்கம்.

ஒருக்காக் கேட்டா, எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு வாங்கித் தாங்கன்னு. வாங்கித் தர மாட்டேன்னு நான் சொல்லலீங்க, அதை மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க. என்ற மக அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கறா. நான் என்ன சொன்னேன்? உனக்கு மூக்குத்தி இருக்குது, மாஸ்க் சரியா ஒட்டாது, மூக்குத்தியைக் கழட்டறயான்னு கேட்டேன். நீங்க உசிரோட இருக்கறப்ப எப்படிங்க கழட்டறதுன்னா. அப்பச் சரி, சேலைத் தலைப்பை மூக்கைச் சுத்திக் கட்டிக்க, கொஞ்ச நேர வேலைதானன்னேன். சரிங்கன்னுட்டா. அவளே வேண்டாம்னதுக்கு நான் என்ன பண்றது?

ஆமாங்க, துணி தடுக்காதுன்னு சொன்னேன். ஏன், அதையே புடிச்சுக்கிட்டீங்க? ரோட்டுத் தூசி வேற, வீட்டுத் தூசி வேற.

அப்பறம் இருமல் ஆரம்பிச்சா. முதல்ல கூட்டறப்ப மட்டும். பொறவு சோறாக்கறப்ப இருமல், பேசறப்ப இருமல். படி ஏறுனா நின்னு நின்னு மூச்சு வாங்குவா. எனக்கு வெசனம் இல்லாம இருக்குமா? கசாயம் வச்சுக் குடின்னேன். ஆனா தம்பி, இருமல்ல ரெண்டு விதம் இருக்குது. அது மில்லுல இருந்தவங்களுக்குத்தான் தெரியும்.

கார்டிங்ல ரங்கசாமின்னு ஒருத்தன் இருந்தான். பஞ்சு பறக்கற இடம். அவனுக்குத் திங்கக்கிழமையானா இருமல் வந்துரும். நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருவான், மூச்சு முட்டுதுங்க மாஸ்டர்ம்பான். வாரம் போகப் போகச் சரியாயிரும். சனிக்கிழமை நல்லா இருப்பான். ஞாயித்துக்கிழமை லீவுல பொண்டாட்டி புள்ளைகளோட சுத்துவான். மறுபடி திங்கக்கிழமை, நெஞ்சு. இதுக்கு என்ன அர்த்தம்? வேலை புடிக்காத இருமல். நானே பேர் வச்சேன், திங்கக்கிழமை இருமல்னு. டிபார்ட்மெண்டே சிரிக்கும். மில் டாக்டர் என்னமோ சொன்னாரு, பஞ்சுத் தூசி அப்படித்தான், லீவு முடிஞ்சு உள்ள வந்தா நெஞ்சு இறுக்கும், அவனை வேற இடத்துக்கு மாத்துங்கன்னு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. உற்பத்தி குறைஞ்சா என்னையத்தான கேப்பாங்க? மாத்தலை. அவன் சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டான். பீடி குடிப்பான்னு நினைக்கறேன். கடைசியில பார்க்கப் போனேன், மூச்சுக்கு அவன் பட்ட பாடு இருக்குதே, யப்பா! அதைப் பார்த்ததுல இருந்துதான் எனக்குத் தூசின்னா அப்படி ஒரு பயம்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், துளசி. பொங்கலுக்கு முன்னாடி மக வீட்டுக்கு ஒரு விசேசத்துக்குப் போனா. போன இடத்துல இருமலே இல்லையாம். தென்னந்தோப்புக்குள்ள வீடு, ஜம்முனு நடந்தாளாம், படி ஏறுனாளாம். திரும்பி வந்தா. பட்டறையில சீமாறு புடிச்சா. புடிச்ச கையோட அப்படி ஒரு இருமல், கீழ உக்காந்துட்டா. எனக்கு ரங்கசாமி ஞாபகம் வந்துருச்சுங்க. சிரிச்சுட்டேன். ஏன் துளசி, லீவு முடிஞ்சு வந்தா திங்கக்கிழமை இருமலான்னேன். அவளும் சிரிச்சா. சிரிக்கறப்பவே இருமல் வந்து கண்ணுல தண்ணி ஊத்துது.

தூசி ஆகாதவ இப்படிப் பண்ணுவாளா பாருங்க. மெஷின்ல தூள் சேர்ற பை ஒண்ணு இருக்குது. அதை அவதான் உதறிக் காலி பண்ணுவா. பொங்கலுக்கு அந்தத் தூளையே சலிச்சு, நைசா இருக்கறதை மட்டும் எடுத்துச் சாயம் போட்டு, வாசல்ல கலர்க் கோலம் போட்டுட்டா. மயில் கோலம். வீதியே வந்து பார்த்துச்சு. முழங்கால் போட்டு, இருமிக்கிட்டே போடறா. அப்ப இனிச்சுதாம், இப்பக் கசக்குதாம். இதை நான் மககிட்டச் சொன்னேன். அவ போனைக் கட் பண்ணிட்டா.

அந்தக் கோலம் போட்ட வாரம்தான் மக வந்து கூட்டிட்டுப் போனா. அங்க ஒரு டாக்டரு எக்ஸ்ரே எடுத்தாராம், குழாயில ஊதச் சொன்னாராம். நுரையீரல் பாதி கெட்டுப் போச்சு, இனிமே தூசி பக்கமே போகக்கூடாது, போனா ஆள் மிஞ்ச மாட்டாங்கன்னாராம். என்ற மக போன்ல கத்தறா, "அப்பா, பட்டறை வேணுமா, அம்மா வேணுமான்னு முடிவு பண்ணுங்க." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் ஒண்ணுதான் கேட்டேன். ஏன் அம்மிணி, அதே பட்டறையிலதான நானும் இருக்கறேன், நாள் பூரா இருக்கறேன், எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை? நானும் எங்க ஊர்ல ஒரு டாக்டரம்மாகிட்டப் போய் ஊதிப் பார்த்தேன். வாலிபப் பையன் நுரையீரல் மாதிரி இருக்குதுங்க ஐயான்னு அந்த டாக்டரம்மா ஆச்சரியப்பட்டுப் போச்சு. அப்பத் தப்பு பட்டறையிலயா இருக்குது? கேட்டேன். பதில் இல்லை அவகிட்ட. அழுதா. பதில் இல்லாதவங்கதான அழுவாங்க?

பட்டறையை எடுத்துட்டா என்னன்னு நீங்களும் கேக்கறீங்க பாருங்க! மாப்ளையும் இதையேதான் கேட்டாரு. நான் ஒருத்தன் இந்த வயசுல சந்தோசமா இருக்கறது யாருக்கும் பொறுக்கலை. மீசையை எடுத்தேன், நெனச்ச நேரத்துல காத்தாட உக்கார முடியாம மாஸ்க்கைக் கட்டிக்கிட்டு வேகறேன். எல்லாம் யாருக்காக? எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா துளசியை யாரு பார்க்கறது?

அவ இல்லாம வீடு வீடா இல்லீங்க. நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன். காலையில எந்திரிச்சா காப்பி இல்லை. பட்டறை கணுக்கால் வரைக்கும் தூளு, உள்ள கால் வைக்க முடியலை. வேலைக்கு ஒரு பொம்பளையை வச்சேன், மயிலாத்தான்னு. வந்த முதல் நாளே என்ற மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்றா, "ஏனுங்க சாமி, அந்த மூஞ்சியில மாட்டறதை இங்க குடுங்க, அப்பறம் கூட்டறேன்." எப்படி இருக்குது கதை? துளசி இத்தனை நாள் ஒரு வார்த்தை பேசலை, இவளுக்குக் கேக்குது மாஸ்க். முடியாதுன்னேன். நான் அந்தப் பக்கம் போனதும் ஒரு குடத்துத் தண்ணியைக் கொண்டாந்து ஊத்திட்டா பட்டறையில! ரம்பத்து மேஜை பூராத் தெறிச்சுருச்சு. காலையில பார்க்கறேன், அம்மை போட்ட மாதிரி துரு. என்ற வயிறே எரிஞ்சு போச்சுங்க. ரெண்டு வார்த்தை கேட்டுட்டேன். சீமாறை என்ற காலடியில போட்டுட்டு, நீங்களே கூட்டிக்குங்கன்னு போயிட்டா.

நான் கூட்டறதாவது! தம்பி, இவ்வளவு நேரம் உங்களுக்கு என்ன சொன்னேன்? மாஸ்க்கே போட்டாலும் கூட்டறப்ப எந்திரிக்கறது சாமானியம் இல்லை. நுரையீரல் கடையில கிடைக்குமா? தெரிஞ்சே எவனாவது போய் மூச்சுல வாங்குவானா?

அதனாலதான் போன வாரம் துளசிக்கே போன் பண்ணுனேன், மக இல்லாத நேரமாப் பார்த்து. பட்டறையைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. துளசி, ரொட்டியைத் தின்னுட்டுப் படுத்துக்கறேன், தலை சுத்துது, எப்ப விழுவேன்னு தெரியலைன்னேன். அவ்வளவுதான். ஓன்னு அழறா. நான் பட்டினின்னா அவளுக்குத் தாங்காதுங்க. அது எனக்குத் தெரியும். எத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கறேன்! வந்து கூட்டிட்டுப் போங்கன்னா. ரொட்டியெல்லாம் இல்லீங்க, மெஸ்ல சாப்பாடு நல்லாத்தான் போடறான்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ம்... சொல்லு துளசி... வந்துட்டே இருக்கறேன், கிணத்துக்கடவு தாண்டியாச்சு... பாப்பா எப்ப வேலைக்குப் போச்சு?... அப்ப சரி. பையை எடுத்து வச்சுக்க, நான் வந்ததும் கிளம்பிரலாம், பாப்பா வர்றதுக்குள்ள... மாத்திரையா? எடுத்துக்க, எடுத்துக்க... சாப்பிட்டேன், என்னத்தைச் சாப்பிட்டேன், ரொட்டிதான்... அழுவாத... ஆங்? ... என்ன?... அதெல்லாம் வந்து பேசிக்கலாம். வை.

பார்த்தீங்களா? மக வேலைக்குப் போயிருக்குது, அது வர்றதுக்குள்ள கிளம்பிரலாம்ங்கறா. சீட்டு எழுதி வச்சுட்டாளாம், அப்பா பாவம், நான் போறேன்னு. கேக்கவே எனக்கு என்னமோ பண்ணுது நெஞ்சுல. இந்தக் காலத்துல யாருக்குங்க இப்படிப் பொண்டாட்டி அமையும்? கவனிச்சீங்களா, இத்தனை பேசுனாளே, ஒரு இருமல் வந்துச்சா? வரலை. இதைத்தான் சொன்னேன். நாளைக்கு வந்து சீமாறைத் தொட்டதும் வரும் பாருங்க.

ஏன் தம்பி எந்திரிச்சுட்டீங்க? பொள்ளாச்சின்னுதான டிக்கெட் வாங்குனீங்க? முன்னாடி சீட்டுக்கா? காத்து வருதுங்களா அங்க? சரி சரி, போங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, படிச்சவரு மாதிரி இருக்கறீங்க, நியாயத்தைச் சொல்லிட்டுப் போங்க. கடைசியா என்ன கேட்டா தெரியுங்களா? "ஏனுங்க, இனிமேலாச்சும் கூட்டறதுக்கு முன்னாடி ஒரு கை தண்ணி தெளிச்சுக்கட்டுங்களா"ன்னு கேக்கறா.

நீங்களே சொல்லுங்க தம்பி. துருப் புடிக்காதா?